ஜன்னல் பக்கத்துச் சூடு

ஏற்காட்டு மலையில் இருக்கும் மஞ்சக்குட்டையில் இடி இடித்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குவார்கள். கம்பி வழியாக வந்த மின்னல் டிவியைக் கருக்கிய பிறகு, மருதாயி வீட்டில் அது சட்டம்.

அந்த வீட்டில்தான் மருமகள் புவனா பெட்டிக் கணினி வைத்திருந்தாள். பெங்களூர்ப் பக்கம் ஒரு சோதனைக்கூடத்தில் பிளாஸ்மா காற்றுச் சுரங்கம் இருந்தது. காற்றை உறிஞ்சி எடுத்த இரும்பு அறைக்குள், மின்சாரத்தால் காய்ச்சிய வாயுவைப் பீச்சி, விண்கல ஓட்டின் துண்டுகளை வாட்டிச் சோதிப்பார்கள். எந்த இடம் எவ்வளவு சுடும் என்று முன்கூட்டியே கணினியில் ஓட்டிப் பார்ப்பது புவனாவின் வேலை. அந்த அறையின் கண்ணாடி ஜன்னலருகே நின்று படம் பிடிப்பது அவள் கணவன் வசந்தின் வேலை.

அன்றைய சோதனைக்கு அறையின் காற்றை இன்னும் குறைப்பதாக இருந்தார்கள். அதுதான் அவளை உறுத்தியது. வாயு மெலிந்தால் துகள்கள் ஒன்றையொன்று முட்டாமல் நேரே ஓடும். ஒடுங்கிப் பாய வேண்டிய பீச்சல் குடைபோல விரிந்துவிடும். குடையின் ஓரம் எங்கே படும்? திரையில் துகள்களை ஓடவிட்டு, அவை மோதும் இடமெல்லாம் சூட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையத்தில் எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அது நிலைக்க நேரம் வேண்டும்.

சேர்வராயன் மலைமேல் மேகம் உறுமியது. திரை அணைந்தது.

"அய்யோ, அத்தை!"

"இடி எறங்குச்சுன்னா ஊடே போயிரும் கண்ணு. பொட்டி பெருசா, உசுரு பெருசா?" பிளக் மருதாயியின் கையில் இருந்தது.

புவனா வசந்தை அழைத்தாள். "ஏனுங்க, இடிக்குதுன்னு அத்தை பிளக்கப் புடுங்கி, கணக்கு பாதியில நின்னுருச்சுங்க. ஜன்னல் பக்கம் சூடு நொம்ப ஏறுறாப்புல இருக்குது. இன்னைக்கு வேண்டாம்னு சொல்லுங்க."

அவன் மேலாளர் டோமினிக்கிடம் சொல்வதும் அவர் சிரிப்பதும் கேட்டது. "பாதிக் கணக்குக்கா பயம்? ஏற்காட்டுல இடி இடிச்சா இங்க அடுப்ப அணைக்கணுமா, வசந்த்?"

"நான் எட்டியே நிக்கறேன் புள்ள," என்றான் வசந்த்.

மழை விட்டதும் கணக்கை முதலிலிருந்து ஓட்டினாள். இந்த முறை எண் நிலைத்தது. வளையம் தாங்காது. அழைத்தாள், டவர் செத்திருந்தது. செருப்பில்லாமல் மேட்டுக்கு ஓடி, சிக்னல் வந்த இடத்தில் மறுபடி அழைத்தாள். எடுத்தது டோமினிக். அவர் சிரிக்கவில்லை. படம் சரியாக விழவில்லையென்று வசந்த் ஜன்னலை ஒட்டிப் போயிருக்கிறான். அந்த நேரம் பார்த்து வளையம் உருகிக் கண்ணாடி நொறுங்க, உள்ளே பாய்ந்த காற்று அவனையும் இழுத்துவிட்டது.

மகனை மலையிலேயே அடக்கம் செய்த பிறகு, துக்கம் கேட்க வருவோரிடமெல்லாம் மருதாயி சொல்வாள்: "அன்னைக்கு நான் மட்டும் பிளக்கப் புடுங்கலேன்னா இடிக்கு மருமவளையும் பறிகுடுத்திருப்பனுங்க."

புவனா மறுத்ததில்லை. இப்போதெல்லாம் மேகம் உறுமினால், அத்தை எழுவதற்கு முன்பே அவள் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறாள்.