படத்துப் பாப்பாவுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

கூடுவாஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டில் குழந்தைக்கென்று தனியாக ஓர் அறை இருக்கிறது. குழந்தை என்னவோ எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்து விடிய விடிய உதைக்கிறது. அறைதான் பாவம், தனியாகக் கிடக்கிறது. அந்த அறைச் சுவருக்காக என் வீட்டுக்காரர் போன வாரம் ஆன்லைனில் நான்கு படங்கள் வரவழைத்தார். அந்தக் காலத்து இங்கிலீஷ் பாட்டுப் புத்தகங்களில் வருமே, தாடைக்குக் கீழே நாடா கட்டிய தொப்பி போட்ட சிறுமிகள், வாத்துகள், ஆட்டுக்குட்டிகள், அந்த மாதிரிப் படங்கள். விண்டேஜ் என்று பெயராம். பழசு என்று சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள் போலிருக்கிறது. மூன்று படங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு நான்காவதைப் பிரித்தேன். வரிசையாகச் சின்னக் கட்டில்கள், நடுவில் வெள்ளைத் தொப்பியும் வெள்ளை ஏப்ரனும் போட்ட ஒரு பெண். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏழு வயதில் இப்படி ஒரு படத்தைப் பாழாக்கியவள் நான்.

அப்போது சதுரங்கப்பட்டினத்தில் இருந்தோம். எங்கள் வீடும் மாமா வீடும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சுவர் விளம்பரம் எழுதுகிறவர். சிமென்ட், பனியன், கட்சி மாநாடு, எதுவானாலும் எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். முகம் வரையச் சொன்னால்தான் வம்பு. மாமா வரைந்த தலைவர்கள் எல்லாரும் கூடப் பிறந்தவர்கள் மாதிரியே இருப்பார்கள். தோளில் கிடக்கும் துண்டின் நிறத்தைப் பார்த்துத்தான் எந்தக் கட்சி என்று சொல்ல முடியும்.

அம்மா மாமல்லபுரத்தில் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா நடத்திய பள்ளி அது. வகுப்பறைச் சுவர் பூராவும் பாட்டுப் படம் வரைய ஆள் வேண்டும் என்று அவர் சொன்னதும், என் தம்பி இருக்கிறான் என்று அம்மா முந்திக்கொண்டாள். முகமெல்லாம் நன்றாக வருமா என்று கேட்டதற்கு, உயிரோடு எழுந்து நடக்கும் என்று வேறு சொல்லி வைத்துவிட்டாள். தம்பி பாசம் யாரை விட்டது.

மாதிரிக்கு டீச்சரம்மா ஒரு புத்தகம் கொடுத்தனுப்பினார். அவருடைய அம்மா, வெள்ளைக்காரர் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டவராம். அவர்கள் கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போன புத்தகம். பீரோவில் பூட்டியே இருந்தது. பள்ளிப் பிள்ளைகள்கூட அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறார்கள். நான்கு நாளில் திரும்ப வர வேண்டும், ஓரம்கூட மடங்கக் கூடாது என்று சொல்லி, பழைய பட்டுத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார். அம்மா வீட்டுக்குள் காலை வைத்ததுமே எங்கள் எல்லாரையும் மிரட்டினாள். புத்தகத்துக்கு ஒன்று ஆனால் மாமாவுக்கு வந்த வேலையும் போகும், தன் வேலையும் போகும், அப்புறம் எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்றாள்.

தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வந்தவர்கள் எல்லாருக்கும் மாமா கையைக் கழுவச் சொல்லித்தான் காட்டினார். எனக்கு மற்றப் படங்கள் எதுவும் பெரிதாகப் படவில்லை. அந்தக் கட்டில் படத்தில்தான் கண் நின்றது. நான்கு கட்டில்கள். மூன்றில் நீள அங்கி போட்ட பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நான்காவதில் ஒரு கைக்குழந்தை, போர்வைக்கு வெளியே ஒரு காலைத் தூக்கி ஆட்டிக்கொண்டு படுத்திருந்தது. வெள்ளைத் தொப்பிக்காரி அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பஞ்சு பஞ்சாக என்னவோ கொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த இடம் எதுவென்று உடனே தெரிந்துவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. வேறு எந்த இடத்தில் இத்தனை கட்டில்களை வரிசையாகப் போட்டு, வெள்ளைத் தொப்பி வைத்த நர்ஸ் நிற்பாள்? எனக்கு ஊசி போடக் கூட்டிப்போனபோது நானே பார்த்திருக்கிறேன். அடுப்பு வெந்நீருக்கு. வெளியே கொட்டுவது ஆஸ்பத்திரிப் பஞ்சு. எல்லாம் சரியாக இருந்தது.

அப்படியானால் அந்தக் கைக்குழந்தை எங்கள் பாப்பா.

எங்கள் பாப்பா என்பது மாமாவுக்கும் அத்தைக்கும் பிறந்த பெண். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்தது. இருபது நாள் வீட்டில் இருந்தது. குளிப்பாட்டித் துணியில் சுற்றி முகம் மட்டும் தெரிகிற மாதிரி அத்தை மடியில் வைத்திருப்பாள். அப்போதுதான் என்னை உள்ளே விடுவார்கள். கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு இருக்கும். பிறகு ஒரு நாள் ஜுரம் என்று செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நாள் கழித்து மாமாவும் அத்தையும் மட்டும் வந்தார்கள். பாப்பா எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். “ஆஸ்பத்திரிலயே கீது. பெருசானதும் இட்டாருவாங்க. அத்தகிட்ட போய் கேக்காத, இன்னா?” என்றாள். நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கேட்கவில்லை.

ஆனால் இப்போது படத்தில் பார்த்துவிட்டேன். பாப்பா கொழுகொழுவென்று தேறியிருந்தது. கன்னத்தில்தான் பொட்டில்லை. தெருவே வந்து, அம்மாடி, வெண்ணெய் மாதிரி கீதே என்று கண் வைத்துவிட்டுப் போகிறது, ஒரு பொட்டுகூட இல்லாமல் கிடக்கிறது குழந்தை! அந்தத் தொப்பிக்காரிக்கு எங்கே தெரியப்போகிறது இதெல்லாம்.

மறுநாள் மத்தியானம் மாமா சாப்பிட்டுக் கை கழுவப் போனார். அத்தை தெருக்குழாயில் இருந்தாள். அத்தையின் அலமாரியில் பவுடர் டப்பாவுக்குப் பின்னால், வசம்பு சுட்டு இழைத்த மை ஒரு சின்னக் கொட்டாங்குச்சியில் இருந்தது. பாப்பாவுக்கு வைத்த அதே மை. காய்ந்து கட்டியாகியிருந்ததால் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தேன். விரலால் தொட்டுப் படத்துப் பாப்பாவின் கன்னத்தில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன். நன்றாகத்தான் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் பொட்டைச் சுற்றி ஊறி ஊறி, நர்ஸின் முழங்கை வரைக்கும் போய்விட்டது.

மாமா வந்து பார்த்து, தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அரை நாள் பள்ளி முடிந்து அப்போதுதான் வந்த அம்மா விஷயம் தெரிந்து, என் கைவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரலில் மை இருந்தது. அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டே கேட்டாள்:

“இன்னாத்துக்குடி வெச்ச?”

“நம்ம பாப்பாம்மா. செங்கல்பட்டுல கீதே, அது. அவங்க யாருமே பொட்டு வெக்கல.”

ஓங்கிய கை இறங்கவில்லை. மாமா எழுந்து செருப்புகூடப் போடாமல் வெளியே போனார். தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றிருந்த அத்தை, குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து புத்தகத்தின் முன் உட்கார்ந்தாள். நான் சொன்ன காரணம் அவ்வளவு சரியாக இருந்ததால்தான் அடி விழவில்லை என்று எனக்கு ஒரே பெருமை. அன்று புத்தகம் அத்தை வீட்டிலேயே இருந்தது.

சனிக்கிழமை அம்மாவும் அத்தையும் என்னையும் கூட்டிக்கொண்டு மாமல்லபுரத்துக்குப் போனார்கள். மாமா வர மாட்டேன் என்றுவிட்டார். உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம், டீச்சரம்மா விட்டாலும் சரி, சீட்டைக் கிழித்தாலும் சரி என்று வழியெல்லாம் அம்மா புலம்பிக்கொண்டே வந்தாள். அத்தை புத்தகத்தை மடியில் அணைத்து வைத்துக்கொண்டு வந்தாள்.

டீச்சரம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினார். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னத்தில் நான் வைத்த பொட்டு இருந்தது. போர்வைக்கு வெளியே தூக்கியிருந்த காலில், உள்ளங்காலின் நடுவில், இன்னொரு பொட்டு இருந்தது. சின்னதாக, எண்ணெய் ஊறாமல், அவ்வளவு சுத்தமாக இருந்தது. சத்தியமாக நான் வைக்கவில்லை.

யார் வேலை இது என்று டீச்சரம்மா கேட்டார். அம்மா என்னை முன்னால் தள்ளுவதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

“நான்தான் டீச்சரம்மா வெச்சேன்.”

அத்தை எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். காலில் இருப்பது என்னுடையதல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். டீச்சரம்மாவுக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியும். மாமாவும் அத்தையும் செங்கல்பட்டிலிருந்து திரும்பி வந்தபோது அம்மா ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புத்தகத்தை மூடிப் பட்டுத் துணியில் தானே சுற்றினார். உன் வீட்டுக்காரரைத் திங்கட்கிழமை வரச் சொல்லு என்று அத்தையிடம் சொன்னார். அவ்வளவுதான்.

மாமா போய் எல்லாப் படத்தையும் வரைந்தார். பிள்ளைகளின் முகமெல்லாம் எங்கள் தொகுதி வேட்பாளர் ஜாடையில் வந்திருந்தது. கட்டில் படத்தை மட்டும் வரையவில்லை. கட்டில் வரைவது கஷ்டம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அந்தச் சனிக்கிழமை அம்மா பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட்டாள். அத்தையும் நானும் மட்டும் பஸ் ஏறினோம். வழக்கம்போல ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தாள். சவுக்குத் தோப்புகள் ஓட ஆரம்பித்ததும், மனசில் வைத்துக்கொள்ள முடியாமல் கேட்டுவிட்டேன், காலில் வைத்தது யார் என்று.

“நான்தான். கன்னத்துல மட்டும் வெச்சா போதுமா? குளிக்க வெச்சா உள்ளங்கால்லயும் ஒண்ணு வெக்கணும்.”

அத்தை சொன்ன தொனி, நான் செய்த வேலையில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டுகிற மாதிரி இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மா போட்ட தடையும் மறந்துபோனது. “தெரியாது அத்த. செங்கல்பட்டுலருந்து பாப்பா வரட்டும், கன்னத்துலயும் கால்லயும் நானே டெய்லி வெக்கிறேன்” என்றேன்.

அத்தை என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, ஜன்னலோரம் நகர்ந்து முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். தப்பு செய்ததற்கு அடிகூட வாங்காத என்னிடமிருந்து, தப்பே செய்யாத நேரத்தில் சீட்டைப் பிடுங்கிக்கொண்டாளே என்று எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. சதுரங்கப்பட்டினம் வந்து இறங்கும் வரைக்கும் நான் அத்தையோடு பேசவே இல்லை.