கூடாரத்தில் முறுமுறுக்காத ஏழு நாட்கள்

ஜெபிக்கவும் மனமில்லாமல் களைத்துப்போய் இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போதும் சில நாட்களில் அப்படித்தான்.

சுனாமி அன்று பாண்டிருப்புக் கரையில் எங்கள் வீடு போனது. ஆறு வயது மகன் டிலக்சனும் போனான். தகப்பனின் கையைப் பிடித்திருந்தான். இரண்டாவது அலையில் கை நழுவிவிட்டது.

பிறகு பத்து மாதம் முகாமில், ஒரு கூடாரத்துக்குள் நானும் கணவரும். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி பிந்தினாலும் அடுப்பு புகைந்தாலும் என் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கும். “பிள்ள உங்கட கையிலதானே இரிந்தான்.” அவர் எழும்பி வெளியே போய்விடுவார். மீன்பிடிக்கப் போவதையும் விட்டுவிட்டார்.

ஐப்பசி பிறக்கும்போது, வருகிற ஞாயிறு திருகோணமலைக்குத் தமையனிடம் போகிறேன் என்றார். எப்போது வருவீர்கள் என்று கேட்டேன்.

“வாறத்துக்கு இஞ்ச என்ன இரிக்கி?” என்றார்.

அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது. ஆண்டவரே, இந்த மனிதரையும் நான் இழந்துவிடக் கூடாது என்று அழுதேன்.

அந்த வாரம் எங்கள் போதகர், யூதருடைய கூடாரப் பண்டிகையை நாமும் ஆசரிப்போம் என்றார். வனாந்தரத்தில் இஸ்ரவேலரைக் கர்த்தர் நடத்தியதை நினைத்து, ஏழு நாள் குடிலில் இருந்து சந்தோஷப்பட வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தது.

“ஐயா, பத்து மாசமா நாங்க கூடாரப் பண்டிகைதானே கொண்டாடுறம்” என்றேன். சனம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

“ஓம் தங்கச்சி. அதில முறுமுறுப்பு மட்டும்தான் இரிக்கி. சந்தோஷத்த இனித்தான் சேர்க்கணும்.”

முகாம் முற்றத்தில் பின்னிய தென்னோலைக் கிடுகால் குடில் கட்டினோம். ஏழு நாளும் முறுமுறுக்கக் கூடாது. பின்னேரம் குடிலுக்குள் ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாது.

வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். முதல் நாள் குடிதண்ணீருக்கு நன்றி சொன்னேன். அடுத்த நாள், மழை இன்னும் பிடிக்காததற்கு. மூன்றாம் நாள், சாய்ந்தமருதில் இருக்கிற முஸ்லிம் சிநேகிதி ஜெசீமா கொடுத்தனுப்பிய நோன்புக் கஞ்சிக்கு. அவளும் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவள். நாலாம் நாள் காலையில் அந்தப் பேச்சு தொண்டை வரை வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு ஜெபித்தேன். என் கணவர் தினமும் வந்து குடில் வாசலில் குந்திக்கொண்டிருப்பார். உள்ளே வரமாட்டார்.

ஆறாம் நாள் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. உண்மையாகவே இல்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். உயிரோடு இருப்பதையாவது சொல்லி முடிப்போம் என்று எழும்பினேன்.

“நான் உயிரோட இரிக்கிறதுக்கு...” என்று தொடங்கினேன். மேலே போக முடியவில்லை. அந்த அலையில் என் தலைமயிரைப் பிடித்து இழுத்து, தென்னை மரத்தோடு சேர்த்து அணைத்தது யார்? இவருடைய மற்றக் கைதான். பத்து மாதமும் ஒரு கையைப் பற்றியே பேசியிருக்கிறேன். மற்றக் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வாசலைப் பார்த்தேன். “இஞ்சேருங்க, என்னப் பிடிச்ச கைக்கு நன்றி” என்றேன்.

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகன் போன பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

“ரெண்டு பேரையும்தான் பிடிச்சிரிந்தன் புள்ள. ஏலாமப் போயிற்று.”

“ஓம். எனக்குத் தெரியும்” என்றேன்.

ஞாயிறு வந்தது. அவர் திருகோணமலைக்குப் போகவில்லை. மார்கழி கழிந்து கடல் அடங்கியதும் இன்னொருவருடைய தோணியில் ஏறினார். இப்போது யுத்தமும் முடிந்துவிட்டது, கல்வீட்டில் இருக்கிறோம். மகன் வரவில்லை. அந்த வேதனை குறையவுமில்லை. ஆனால் இவரைத் தடுத்து நிறுத்தும் என்று நான் கேட்க, கர்த்தர் முதலில் என் வாயைத்தான் தொட்டார். அதற்காக அவரைத் துதிக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவரைத் தினமும் குத்துகிற ஒரு பேச்சு இருக்கலாம். ஏழே ஏழு நாள் அதைக் கர்த்தரிடம் கொடுத்துப் பாருங்கள். சொல்வதற்கு நன்றி ஒன்றுமே இல்லாத நாளும் வரும். அன்றைக்கும் எழும்பி நில்லுங்கள்.