மேற்கு அல்லியில் ஒரு மாடி வீடு

போன வாரம் பாகலூர் ரோட்டில் ஒரு மளிகைக் கடை வாசலில் கல்லுப்பு மூட்டை வாய் பிரிந்து கொட்டிக் கிடந்தது. கடைக்காரர் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார். நான் கவனிக்காமல் அதன் மேல் கால் வைத்துவிட்டேன். செருப்புக்கு அடியில் நறநறவென்று ஒரு சத்தம். அப்படியே நின்றேன். இன்னொரு முறை மிதித்துப் பார்த்தேன். கடைக்காரர் நிமிர்ந்தார்.

"தெரியாம மிதிச்சா பரவால்லைங்க. வேணும்னே மிதிக்கிறீங்களே" என்றார்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தேவையே இல்லாமல் ஒரு கிலோ உப்பு வாங்கிக்கொண்டு நடந்தேன். இந்தச் சத்தத்தின் மேல்தான் இரண்டு பனிக்காலம் வேலைக்குப் போய்வந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அமெரிக்காவில் மில்வாக்கி என்று ஒரு ஊர். பனி கொட்டினால் யாரும் வழுக்கி விழாமல் இருக்க நடைபாதை முழுக்க உப்பைத் தூவிவிடுவார்கள். அந்த ஊரே காலையில் நறநறவென்று நடக்கும்.

நான் அங்கே போனதை விட, அங்கே எங்கே குடியிருப்பது என்று முடிவு செய்ததுதான் பெரிய கதை. அதை முடிவு செய்தது நானும் இல்லை.

அப்போது ஓசூரில் பல்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், அளவு பார்க்கும் அறையில் இருந்தேன். சக்கரத்தின் பல் ஒவ்வொன்றும் சரியான அளவில் இருக்கிறதா என்று மெஷினில் வைத்துப் பார்ப்பது வேலை. மில்வாக்கியில் இருந்த தாய்க் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை செய்யச் சொன்னார்கள். வீட்டு வாடகைக்கு என்று ஒரு தொகை தருவார்கள். அதற்குள் வீடு பிடித்தால் என் கணவர் செல்வமும் ஆறு வயது மகள் நிலாவும் கூட வரலாம். வாடகை அதைத் தாண்டிவிட்டால் நான் மட்டும் போய் யாருடனாவது ஓர் அறையில் தங்கிக்கொள்ள வேண்டியதுதான். செல்வத்துக்கு அங்கே வேலை கிடைக்குமா என்பதே நிச்சயம் இல்லை. நிலாவை விட்டுவிட்டு இரண்டு வருடம் என்று நினைத்தாலே எனக்கு அளவெல்லாம் தப்பாகத் தெரிந்தது.

வீடு பார்ப்பதில் என் லட்சணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் நாகரசம்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்தோம். முதல் வீட்டைத் தேர்ந்தெடுத்தது நான். வாசலில் கறிவேப்பிலை மரம் இருந்தது; அந்த வாசனையில் மயங்கி முன்பணம் கொடுத்துவிட்டேன். மரத்துக்கு இருந்த தண்ணீர் வீட்டுக்கு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பஸ் போகும் ரோட்டுக்கு மண் பாதையில் இருபத்தைந்து நிமிடம் நடக்க வேண்டும். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பேன். செல்வம் ஒரு வார்த்தை திட்டியதில்லை. தினமும் சட்னிக்குக் கறிவேப்பிலை மட்டும் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடச் சொல்வார். அது திட்டுவதை விட மோசம்.

அதனால் மில்வாக்கியில் வீடு என்றதும் எனக்குப் பயம். "வீட்ட மெஷின்ல வெச்சு அளக்க முடியாதில்ல, அதான் பயப்படற" என்று செல்வம் சிரித்தார்.

வீடு பார்த்துக் கொடுக்க கம்பெனி ஒரு தரகரை ஏற்பாடு செய்திருந்தது. அந்த அம்மாள் போனில் தேன் போலப் பேசினாள். புல்வெளி, ஏரி, பள்ளத்தாக்கு என்றெல்லாம் பெயர் வைத்த ஒரு புறநகரை எனக்குச் சிபாரிசு செய்தாள். நல்ல பள்ளிக்கூடம், அமைதியான தெரு, அழகான வீடுகள். வாடகையும் இழுத்துப் பிடித்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகும். பஸ் உண்டா என்று கேட்டேன். அங்கே எல்லாரும் கார் வைத்திருப்பார்கள் என்றாள். எனக்கு ஸ்கூட்டியே பாதி நாள் பக்கத்து வீட்டுச் சுவரை நோக்கித்தான் போகும். காரும் அதற்கான செலவும் சேர்ந்தால் குடும்பத்தோடு போவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மலிவாக வேறு ஏதும் உண்டா என்று கேட்டதற்கு, விருப்பமில்லாமல் ஒரு பெயரைச் சொன்னாள். வெஸ்ட் அல்லிஸ். பழைய இடம், பழைய வீடுகள், ஒரு காலத்தில் தொழிற்சாலைக்காரர்கள் குடியிருந்த பேட்டை. உங்களுக்குப் பிடிக்குமா தெரியவில்லை என்றாள்.

இதையெல்லாம் அளவு அறையில் யாரிடமோ சொல்லித் தொலைத்தேன். அடுத்த நாள் சாப்பாட்டு வேளையில் மல்லப்பா அண்ணன் வந்து நின்றார். ஜவளகிரிக்காரர், வீட்டில் கன்னடம், கடைசல் மெஷினில் இருபது வருடமாக நிற்பவர். எங்கள் அறைக்குள் தூசி வரக்கூடாது என்பதால் காலணியை வெளியில் கழற்றிவிட்டு, கோயிலுக்கு வருவது போல உள்ளே வந்தார். பின்னாலேயே ஸ்டோரிலிருந்து சுடலைமுத்து. தென்காசிப் பக்கத்துப் பையன், பிழைக்க வந்து ஓசூரில் ஏழு வீடு மாறியவன். வீட்டு விஷயத்தில் அவனை விட்டால் ஆள் இல்லை என்பது அவனுடைய எண்ணம்.

கணினியில் தெருவைப் படமாகவே பார்க்கலாம், தெரியுமில்லையா? அம்புக்குறியை அழுத்தினால் அந்தத் தெருவில் நடப்பது போல நகரும். முதலில் தரகர் சொன்ன புல்வெளிப் புறநகருக்குப் போனோம். நிஜமாகவே அழகு. ஒவ்வொரு வீடும் கல்யாண மண்டபம் மாதிரி. மல்லப்பா அண்ணன் பத்து நிமிடம் பார்த்தார். பிறகு, இந்த ஊரில் ஆள் யாருமே இல்லையா என்று கேட்டார். அப்போதுதான் நானும் கவனித்தேன். அத்தனை தெருவிலும் ஒருவர்கூட நடக்கவில்லை.

வெஸ்ட் அல்லிஸுக்குப் போகச் சொன்னார். நெருக்கமான மர வீடுகள், மேலே ஒரு குடும்பம் கீழே ஒரு குடும்பம். அங்கங்கே பெயிண்ட் உரிந்திருந்தது. ஒரு பேக்கரி, ஒரு சலவைக் கடை. எனக்கு மனம் சோர்ந்துவிட்டது. இதற்கா இவ்வளவு தூரம் போகிறோம் என்று தோன்றியது.

"நில்லும்மா. பின்னாடி போ. அங்க, பஸ் ஸ்டாப்புகிட்ட. நோடு" என்றார் மல்லப்பா.

பஸ் நிறுத்தத்தில் ஒருவன் நின்றிருந்தான். அந்தப் படங்களில் ஆட்களின் முகத்தை மங்கலாக்கிவிடுவார்கள் அல்லவா, அவனுக்கும் முகம் இல்லை. கனத்த பூட்ஸ். கையில் ஒரு சாப்பாட்டுப் பை.

"மொகத்த மறைச்சிருக்கான், சோத்துப் பைய மறைக்கல பாரு" என்றார். "இவன் ஷிஃப்டுக்குப் போறவன்மா. பஸ் வரும்னு நம்பி நிக்கிறான். இங்கியே எடு."

அவ்வளவுதான். எனக்குச் சந்தேகம் தீரவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சுடலைமுத்து திரையில் இருந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "எக்கா, அல்லிங்கது எங்க அத்த மவ பேருல்லா. வெஸ்ட் அல்லின்னா மேற்குத் தெரு அல்லி. தெரிஞ்ச வீட்டுக்குப் போற மாரி போங்க" என்றான்.

அறையே சிரித்தது. அன்றிலிருந்து தொழிற்சாலையில் அந்த ஊருக்கு மேற்கு அல்லி என்றே பெயர். நான் தரகருக்கு எழுதினேன். காரணம் கேட்டாள். ஒரு மனிதனின் சாப்பாட்டுப் பையைப் பார்த்து முடிவு செய்தோம் என்று ஆங்கிலத்தில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ் வசதி என்று எழுதினேன்.

ஜனவரியில் மூன்று பேருமாகப் போய் இறங்கினோம். ஓசூர்க் குளிருக்குப் பழகியவர்கள் என்ற மிதப்பு எங்களுக்கு இருந்தது. விமான நிலையத்துக் கதவு திறந்ததும் அது போய்விட்டது. மூக்குக்குள் முடி விறைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்களுக்கு மாடி, கீழே இர்மா என்ற பெண், மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம், என் வயதுதான் இருக்கும். பேக்கரியில் வேலை. அவளுக்கும் நிலா வயதில் ஒரு மகள், சோஃபியா. எனக்கு இருந்த ஆங்கிலமும் இர்மாவுக்கு இருந்த ஆங்கிலமும் வேறு வேறு. அதனால் இருவரும் நிறையச் சிரித்தோம்.

வந்த மூன்றாம் நாள் முழங்கால் அளவு பனி. வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையைக் குடியிருப்பவர்களே சுத்தம் செய்ய வேண்டும். செல்வத்திடம் மண்வாரி கிடையாது. இட்லிப் பானை மூடியை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒரு மணி நேரத்தில் ஒரு பாய் விரிக்கும் இடம் தெரிந்தது. அடுத்து உப்பு தூவ வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். கடைக்குப் போய் சமையல் உப்பு, நைஸ் உப்பு, டப்பா டப்பாவாக வாங்கி வந்து, திருஷ்டி கழிப்பது போல மூன்று பக்கமும் வீசிக்கொண்டிருந்தார். இர்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வெளியே வந்தாள். ஏதாவது பூஜையா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள். செல்வம் யோசிக்காமல் ஆமாம் என்றுவிட்டார். அவளும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு நிலவறைக்குள் போய், இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டு ஒரு மூட்டை கல்லுப்போடு வந்தாள். அடுத்த இரண்டு வருடமும் அந்த நடைபாதை செல்வத்தின் ராஜ்யம். மண்வாரி வாங்கிய பிறகு தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டே போவார். அந்தத் தெருவில் அவருக்கு என்னை விட மதிப்பு அதிகம்.

நான் பஸ்ஸில் போனேன். பிப்ரவரியில் ஒருநாள் வானமே தெரியாமல் பனி வீசியது. பஸ் மெதுவாக வந்தது, ஆனால் வந்தது. உள்ளே வெதுவெதுவென்று கதகதப்பு, ஈரக் கம்பளி வாசனை, எல்லார் மடியிலும் சாப்பாட்டுப் பை. தொழிற்சாலைக்குப் போனால் எங்கள் பிரிவில் யாரும் இல்லை. புல்வெளிப் புறநகர்க்காரர்கள் எல்லாரும் காரைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். விளக்கைப் போட்டு மெஷினை ஓட்டி, மதியம் வரை நான் ஒருத்தியே அளவு பார்த்தேன். தாமதமாக வந்து சேர்ந்த மேலதிகாரி நீ எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். யார் சொல்லி அங்கே பிடித்தாய் என்றார். ஓசூரில் மல்லப்பா என்று ஒருவர் இருக்கிறார் என்றேன். அவர் அந்தப் பெயரைக் காகிதத்தில் குறித்துக்கொண்டதுதான் வேடிக்கை. மல்லப்பாவும் ஒரு தரகர் என்று நினைத்திருக்க வேண்டும். இதை மல்லப்பா அண்ணனுக்குப் போனில் சொன்னபோது நெடுநேரம் சிரித்தார். பிறகு, சாப்பிட்டியாம்மா என்று கேட்டு வைத்துவிட்டார்.

அந்த வீட்டில் எங்களுக்கும் இர்மாவுக்கும் பொதுவாக ஒரு மாடிப்படி இருந்தது. மரப்படி, பதினாறு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நிலாவும் சோஃபியாவும் அதில்தான். ஒருத்தி மேலே இருந்து, ஒருத்தி கீழே இருந்து, எட்டாம் படியில் கடை போடுவார்கள். கொஞ்ச நாளில் அங்கே ஒரு புது மொழி முளைத்தது, பாதி தமிழ், பாதி இர்மா வீட்டு ஸ்பானிஷ். "வாமோஸ் போலாம்" என்பது அதில் சேர்ந்த ஒற்றைச் சொல்; இரண்டு பாதிக்கும் அர்த்தம் ஒன்றுதான். பனிக்குப் பெயர் மாவு. பூனை 'காத்தோக்குட்டி'. கோபம் வந்தால் 'நோ-மாட்டேன்'. ஓசூரில் ஒரே வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திருப்பி, கன்னடத்தில் முடிக்கிறவர்களோடு இருந்த எனக்கு அது அதிசயமாகப் படவில்லை. சமைத்துக்கொண்டே கேட்பேன். எனக்குப் புரியும். இர்மாவுக்கும் புரியும். இரண்டு அம்மாக்களும் அவசரத்துக்கு அதையே பேச ஆரம்பித்தோம். இர்மா ஒருநாள் ரொட்டித் தட்டோடு மேலே வந்து, 'சூடோ, சூடோ' என்று என் கையில் திணித்தது நினைவிருக்கிறது. அவள் சொன்னது எந்த மொழி என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

கிளம்பும் நாளில் இரண்டு பெண்களும் அழவில்லை. நாங்கள்தான் அழுதோம்.

ஓசூருக்குத் திரும்பி வந்து ஏழு வருடமாகிறது. மல்லப்பா அண்ணன் ஓய்வு பெற்று ஜவளகிரியில் கேழ்வரகு போடுகிறார். சுடலைமுத்து எட்டாவது வீட்டைக் கெலமங்கலம் பக்கம் சொந்தமாகவே கட்டிவிட்டான். இர்மா வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டாள். நாங்கள் குடியிருந்த அந்த வீட்டை யாரோ வாங்கி, மேலும் கீழும் சேர்த்து ஒரே வீடாக்கினார்களாம்; நடுவில் இருந்த மாடிப்படியை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னாள்.

பெண்கள் இரண்டு பேருக்கும் இப்போது பதினைந்து வயது. மாதம் ஒருமுறை போனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். சுத்தமான ஆங்கிலம். போன ஞாயிற்றுக்கிழமை நான் இடையில் புகுந்து, பூனைக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். இருவரும் யோசித்தார்கள். நிலாவுக்கு நினைவில்லை. சோஃபியாவுக்கும் இல்லை. நான் சொன்னேன். "நாங்களா அப்படிச் சொன்னோம்?" என்று இரண்டு கண்டத்திலும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

பிறகு வேறு ஏதோ பேசப் போய்விட்டார்கள். நான் அடுப்பங்கரைக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். எனக்கு முப்பத்தோரு சொற்கள் தெரிகின்றன. இர்மாவுக்கு இன்னும் சில தெரிந்திருக்கலாம். அந்த மொழியில் இப்போது எஞ்சியிருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.