அறுபத்து மூன்று, ஒன்று

வட அயர்லாந்தில், போர்ட்டடவுன் பக்கத்து ஜாம் ஆலையில் பதினெட்டு வருடம் ஆபீஸ் பார்த்தவள் மேவிஸ் கில்பின். அரைகுறை வேலை அவளுக்குப் பிடிக்காது, ஊர்வம்பு அதைவிடப் பிடிக்காது. அதனால்தான் தொண்ணூறாம் வருடம், வேலையாட்களில் புராட்டஸ்டண்ட் எத்தனை, கத்தோலிக்கர் எத்தனை என்று அரசாங்கம் கணக்குக் கேட்டபோது, முதலாளி படிவக் கட்டை அவளிடம் தந்தார். இரண்டு பிரிவும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த காலம்; யார் எந்தப் பக்கம் என்று வெளியே சொன்னால் தண்டனை. மேவிஸுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அறுபத்து நாலு பேரில் ஒருத்தி மட்டும் பதில் எழுதவில்லை. பாட்டில் மூடும் ஐரீன். தினமும் மேவிஸோடு டீ குடிப்பவள். புராட்டஸ்டண்ட் புருஷன், புருஷன் வீட்டுப் பெயர். எல்லோரும் அவளைத் தங்களில் ஒருத்தியாகவே நினைத்திருந்தார்கள். பதில் இல்லாவிட்டால் படித்த பள்ளியைப் பார்த்து எழுதலாம் என்பது விதி. மேவிஸ் பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தாள். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் 'கத்தோலிக்கர்' என்று எழுதினாள்.

யூனியன்காரன் நார்மன் மொத்தக் கணக்கைக் கேட்டான். கேட்க அவனுக்கு உரிமை உண்டு. 'அறுபத்து மூன்று, ஒன்று' என்று பெயரில்லாமல் எழுதித் தந்தாள். அவன் அதைக் கேண்டீன் சுவரில் குத்திவிட்டான்.

"அந்த ஒண்ணு யாருப்பா?"

"உன் மூஞ்சியப் பார்த்தா சந்தேகமாத்தான் இருக்கு."

முதல் நாள் சிரிப்பு. மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. புதிதாக வந்த டெரன்ஸ், புராட்டஸ்டண்டுகள் நடத்தும் ஜூலை ஊர்வலத்துக்குப் போகாதவன்; சந்தேகம் அவன்மேல் விழுந்தது. வியாழக்கிழமை அவன் கோட்டுப் பையில் ஓர் உறை கிடந்தது. உள்ளே ஒரு தோட்டா. பையன் வெளிறிப்போனான். தன் அப்பா புராட்டஸ்டண்ட் கோயிலில் மணியடிப்பவர் என்று அவன் கேண்டீனில் அழுதுகொண்டே சொன்னதை யாரும் நம்பவில்லை.

ஐரீன் எழுந்தாள். "அவன விடுங்க. அது நான்தான்."

கேண்டீன் மொத்தமும் தலை குனிந்து சாப்பிட்டது. ஐரீன் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டு நேரே ஆபீசுக்கு வந்தாள்.

"சத்தியமா உன் பேர நான் யார்கிட்டயும் சொல்லல," என்றாள் மேவிஸ்.

"பேரு எதுக்குடி? ஒண்ணுன்னு எழுதினியே, போதாதா?"

"விதி அப்படி, ஐரீன்."

"அதே படிவத்துல 'தெரியவில்லை'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல போட்டிருக்கலாம்ல?"

இருந்தது. மேவிஸும் அதைப் பார்த்திருந்தாள். அதில் குறி போட்டால் வேலை அரைகுறையாகத் தெரியும் என்று விட்டிருந்தாள்.