இரண்டு முறை விழுந்த உப்பு

கொதிக்கிற கடலை எண்ணெயில் மஞ்சள் கரைத்த உப்புத் தண்ணீர் ஒரு கரண்டி விழுந்ததும் வாணலி சடசடவென்று பொரிந்து, பிறகு மெல்ல அடங்கும். அந்தச் சத்தம் அடங்கினால் ‘வாழக்கா வறுவல்’ வெந்துவிட்டது என்று பொம்மிடியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா மொந்தன் வாழைக்காயை நேராக எண்ணெயிலேயே சீவுவாள். உப்புத் தண்ணீர் ஊற்றுவது மேரி அக்காவின் வேலை. அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

எண்பத்து நான்கோ ஐந்தோ, எனக்கு எட்டு வயது. கம்பைநல்லூரில் அம்மா மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்க, அக்கா நர்ஸ் படிக்க வேலூர் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள், அப்பாவும் தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து அம்மா அக்காவிடம் பேசவில்லை. ஒருத்தி இருக்கும் இடத்தில் மற்றவள் இருக்க மாட்டாள். ஆனாலும் வெளியூர் போகிறவர்களை வறுவல் இல்லாமல் அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்பதால், அக்கா ரயிலேறுவதற்கு முந்தின நாள் காலையில் அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே அடுப்பை மூட்டினாள்.

நான் மூலையில் உட்கார்ந்து செய்தித்தாள் விரித்துக்கொண்டிருந்தேன். அம்மா காயைச் சீவிப் போட்டு, தானே உப்புத் தண்ணீரும் ஊற்றிவிட்டு, அடுத்த காயைத் தோல் சீவப் புழக்கடைக்குப் போனாள். அவள் போனதும் அக்கா உள்ளே வந்து, வழக்கம்போல ஒரு கரண்டி ஊற்றிக் கிளறி அள்ளினாள். நான்கு ஈடும் இப்படியே. நான் வாயே திறக்கவில்லை. வறுவல் கெட்டுப்போனால் அக்காவின் பயணம் நின்றுவிடும் என்று ஒரு அசட்டு நம்பிக்கை எனக்கு. அக்கா போவதை என்னால் தாங்கவே முடியவில்லை.

ஆறியபின் டப்பாவில் அடைக்கும்போதுதான் அம்மா ஒன்றை வாயில் போட்டாள். முகம் சுருங்கியது.

“ஏன் மேரி, நீயும் உப்பு ஊத்துனயா?”

பத்து நாளுக்குப் பிறகு அக்காவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

“எப்பவும் நாந்தானம்மா ஊத்துவேன்.”

அம்மா டப்பாவை மூடிக் கீழே வைத்தாள். “நீ போனப்பறம் நாந்தான ஊத்தோணும். அதான் இன்னைக்கே கைய பழக்குனேன்” என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், எனக்கும் அழுகை வந்தது. அக்கா அந்த உப்பு வறுவலையே எடுத்துக்கொண்டு போனாள்.

இன்று அந்த வீடும் இல்லை, அம்மாவும் இல்லை. வறுவல் பேக்கரியில் பாக்கெட்டில் கிடைக்கிறது, உப்பு அளவாகத்தான் இருக்கிறது. அம்மாவின் வருட நினைவுப் பூசைக்கு வந்திருந்த அக்காவிடம், அன்று எல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்று இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ சொல்லியிருந்தா, அம்மா பேசாமயே நான் ரயிலேறியிருப்பேன்டி” என்றாள்.