வைனெலின் அரை நிமிடம்

வாரத்தில் ஐந்து நாள் வைனெல் கேன்ட் யார் சொல்லுக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. அலபாமாவில் கேட்லின் ஊரின் மஞ்சள் பள்ளிப் பேருந்தை அவள்தான் ஓட்டுகிறாள். கடைசி இருக்கைக்காரன் சூயிங்கத்தை ஜன்னலில் ஒட்டினால், கண்ணாடி வழியாக அவள் பார்க்கும் ஒரு பார்வை போதும், அவனே அதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வான். ஒருமுறை ஊர் மேயரின் கார் வழியில் நின்றது. அது நகரும் வரை அவள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்படிப்பட்டவள், சனிக்கிழமைகளில் மட்டும், "வைனெல், சிங்க்" என்று யாராவது சொன்னால் மறுபேச்சில்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எல்லாம் அவள் கல்யாணமான வருஷம் ஆரம்பித்தது. டனவே கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி தன் பரம எதிரியிடம் தோற்றுக்கொண்டிருந்தது. கடைசி நொடியில் ஒரே ஒரு உதை பாக்கி. அந்த முட்டைப் பந்து இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கு நடுவே போனால் ஜெயிக்கலாம். ஹால் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. புதுப்பெண்ணுக்கு என்ன தெரியும், பாத்திரம் கழுவலாமென்று அவள் பாட்டுக்கு எழுந்து போனாள். குழாயைத் திறந்தாளோ இல்லையோ, வீடே இடிந்து விழுந்ததுபோல ஒரு சத்தம். அவள் மாமனார் அடுப்படி வாசலில் வந்து நின்று, சட்டம் போடுகிறவர் குரலில் சொன்னார்: "இந்தப் பொண்ணு சிங்க்ல நின்னா பந்து உள்ள போகுது."

அடுத்த வருஷமும் அனுப்பிப் பார்த்தார்கள். பந்து உள்ளே போனது. அதற்கடுத்த முறை ஆசை தாங்காமல் கதவோரம் தலையை நீட்டிப் பார்த்தாள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பாஸ்டர் கை குலுக்கும்போது, "அடுத்த தடவ தலைய நீட்டாதம்மா" என்றார். அவர் சிரிக்கவும் இல்லை. மைதானத்துக்கு இரண்டு முறை போனாள், இரண்டு முறையும் அணி தோற்றது. அதற்குப் பிறகு யாரும் அவளுக்கு டிக்கெட் எடுத்ததில்லை. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போட்ட சட்டம் மட்டும் போகவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளும் அதை நம்பினாள். வருத்தம் என்னவென்றால், நம்பிக்கொண்டே ஏங்கினாள். உதையை டிவியில் மறுபடி மறுபடி போட்டுக் காட்டுவார்கள்தான். ஆனால் அது பந்தி முடிந்தபின் ஆறிய சாப்பாட்டைத் தட்டில் வாங்கிக்கொள்வது மாதிரி. எல்லோரும் ஒன்றாக அலறும் அந்த நொடியில் அவள் எப்போதும் தனியாக, சோப்பு நுரைக் கையோடு நின்றிருந்தாள். ஒரே ஒரு தடவையாவது அந்த அலறலுக்குள் தானும் இருக்க வேண்டும். இதை அவள் கணவன் ஹார்லனிடம்கூடச் சொன்னதில்லை.

விதியின் கேலியைப் பாருங்கள், அவளுக்குப் பிறந்த மகன் கோல்பி உதைப்பதற்கென்றே வளர்ந்தான். பக்கத்து வீட்டுக் கூரை, தபால் பெட்டி எதையும் விட்டுவைக்கவில்லை. டனவே கல்லூரியே அவனை எடுத்துக்கொண்டது. எடுத்தது என்னவோ மாற்று ஆளாகத்தான். நான்காவது வருஷமும் வந்துவிட்டது. பச்சைச் சட்டையில் ஒரு அழுக்கு படாமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தான் பிள்ளை.

இந்த இலையுதிர் காலத்தில்தான் ஆட்டம் டிவி சேனலை விட்டுப் போனது. இனிமேல் இணையத்தில்தான், அதுவும் ஒரு வாரம் ஒரு ஆப்பில், மறு வாரம் இன்னொன்றில். ஹார்லனின் தம்பி டெல்மர் டயர் கடைக்காரன், பொறுமைக்கும் அவனுக்கும் வெகு தூரம்.

"நேத்து அந்த ஆப்புன்னான், இன்னிக்கு இந்த ஆப்புங்கறான். நம்ம டீம் எங்க இருக்குன்னு போலீஸ்ல புகார் குடுத்தாதான் கண்டுபிடிக்க முடியும் போல."

"பாஸ்வேர்ட நான் போட்டுத் தரேன் சித்தப்பா, நீங்க ரிமோட்ட மட்டும் கீழ வைங்க" என்றாள் வைனெலின் மகள் டான்சி. ஆப், பாஸ்வேர்ட் எல்லாம் அவள் இலாகா. சனிக்கிழமை தவறாமல் அலபாமாவிலேயே உள்ள பர்மிங்ஹாம் நகரத்திலிருந்து வந்துவிடுவாள்.

புது ஏற்பாட்டில் கொண்டாட்டம் பக்கத்து வீட்டு மிஸ் ஒஸெல்லாவுக்குத்தான். முன்பு ஒரு ஆட்டம் பார்ப்பார், இப்போது மடியில் ஒரு டேப்லெட்டை வைத்துத் திரையை நாலாகப் பிரித்து நாலு ஆட்டம் பார்க்கிறார். அவர் எதற்குக் கத்துகிறார் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

உண்மையான குழப்பம் ரேடியோவால் வந்தது. அந்த வீட்டில் டிவியின் குரலை யாரும் கேட்டதில்லை. அதை ஊமையாக்கிவிட்டு, உள்ளூர் ரேடியோவில் டனவேயின் சொந்த வர்ணனையாளர் பர்ல் ஹட்சனின் குரலை வைப்பார்கள். எதிரணி நன்றாக ஆடினால் பர்லுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அப்படி ஒரு நேர்மையான மனிதர். முதல் சனிக்கிழமை ஆப்பைப் போட்டு, ரேடியோவையும் போட்டார்கள். திரையில் ஆட்டக்காரர்கள் நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்க, ரேடியோவில் பர்ல், நம் ஆள் பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டதாக, "டச் டவுன்" என்று அலறினார். டெல்மர் எழுந்து போய் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"இணையத்துல வர்றது அரை நிமிஷம் பிந்தி வரும். ரேடியோ அப்பவே வந்துடும்" என்றாள் டான்சி.

அன்றைக்கே ரேடியோ அடுப்படிக்கு நாடு கடத்தப்பட்டது. மைதானத்திலிருந்து யாராவது மெசேஜ் அனுப்பிக் கெடுத்துவிடுவார்கள் என்று எல்லோர் போனையும் கேக் டப்பாவில் போட்டு மூடினார்கள். ரேடியோவை வைனெல் அணைக்கவில்லை. மெல்லிய குரலில் ஓடவிட்டாள். கோழி இறக்கைத் தட்டோடு ஹாலுக்கு வரும்போது, "இந்தப் பந்த அவங்க ஆளு பிடிச்சுடுவான்னு தோணுது" என்பாள். அப்படியே நடக்கும். டெல்மர் வாயில் வைத்த இறக்கையைக் கடிக்காமல் அவளையே பார்ப்பான்.

"உனக்கு ஏதோ வரம் இருக்கு வைனெல்."

"பஸ் ஓட்டறவளுக்கு முன்னால வர்றது தெரியணும்ல" என்பாள் அவள், முகத்தை மாற்றாமல். ஹார்லனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் வேர்க்கடலையை உரித்துக்கொண்டு பேசாமல் இருப்பார்.

அக்டோபரில் அந்த வெளியூர் ஆட்டம் வந்தது. மதிய வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் பகுதியில் டனவேயின் உதைக்காரன் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். திரையில் ஒரு பச்சைச் சட்டை ஓரத்திலிருந்து உள்ளே ஓடியது. அழுக்கே படாத சட்டை.

"கோல்பி" என்றார் ஹார்லன்.

வைனெல் கையில் தட்டோடு ஹாலின் நடுவில் நின்றிருந்தாள். சிங்க், சட்டம், மாமனார் எதுவும் நினைவில்லை. மகனைத்தான் பார்த்தாள். டச் டவுனுக்குப் பிறகு வரும் சின்ன உதை அது, பள்ளிக்கூடப் பிள்ளைகூடத் தவறவிடாதது. கோல்பி ஓடி வந்து உதைத்தான். பந்து வலது கம்பத்துக்கு வெளியே போனது.

ஹாலில் ஒவ்வொரு தலையாகத் திரும்பி வைனெலைப் பார்த்தது. மிஸ் ஒஸெல்லாகூட நாலு ஆட்டத்தையும் விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தார்.

கடைசிக் கட்டத்தில் டனவே இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. கடிகாரத்தில் நாலு நொடி மிச்சம். தூரத்திலிருந்து ஒரு உதை, போனால் மூன்று புள்ளி, ஆட்டம் கையில். உதைக்க வேண்டியவன் கோல்பி. ஹார்லன் தரையைப் பார்த்தபடி, "வைனெல்..." என்று இழுத்தார்.

"எம் புள்ளைய நான் பாக்கக் கூடாதா?"

"இப்பதான பாத்த? என்ன ஆச்சு?" என்றான் டெல்மர். கொடுமையாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னான். அவனுக்கும் அவன் அண்ணன் பிள்ளை.

அவள் போனாள். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் தன் கண்ணால் பிள்ளைக்குக் கெடுதல் வரும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. குழாயைத் திறந்தாள். ரேடியோவை நெருக்கி இழுத்துக்கொண்டாள். பர்ல் ஹட்சன் தேர்வு முடிவு வாசிக்கிறவர் மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். பந்தை வைத்தார்கள், உதைத்தான், உயரமாக, இடது பக்கம் சாய்கிறது, சாய்கிறது. பிறகு அந்த மனிதர் உடைந்துபோன குரலில், "போச்சு, உள்ள போச்சு, கேட்லின் ஊர்ப் பையன் கோல்பி கேன்ட்" என்று அழவே ஆரம்பித்துவிட்டார்.

வைனெல் ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தில் நின்ற இடத்திலேயே குதித்தாள். வழக்கம்போல அப்போதும் அடுப்படியில் அவள் தனியாகத்தான் இருந்தாள். ஆனால் ஹாலிலிருந்து சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தாள். திரையில் ஆட்டக்காரர்கள் இப்போதுதான் வரிசையில் நிற்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சட்டென்று அவளுக்குப் புரிந்தது. அந்தப் பந்து விழுந்தாயிற்று. இனிமேல் அவள் கண் என்ன, ஊர்க் கண் மொத்தமும் சேர்ந்து பார்த்தாலும் அதை வெளியே தள்ள முடியாது. கையைக்கூடத் துடைக்காமல் ஹாலுக்கு வந்து டிவிக்கு நேரே நின்றாள்.

டெல்மர் குஷனைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். "வெளிய போ வைனெல், உன்னக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"டெல்மர், உக்காரு."

பேருந்துக் குரல். டெல்மர் உட்கார்ந்துவிட்டான்.

"நான் பாக்கறதால ஒன்னும் ஆகாது. அங்க முடிஞ்சு போச்சு. இங்கதான் இன்னும் நடக்கல."

"ரேடியோவுல கேட்டுட்டியா?" என்று மிஸ் ஒஸெல்லா காதைப் பொத்தினார். "சொல்லாத. ஒரு வார்த்தை சொல்லிடாத."

ஹார்லன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அது எதையும் காட்டாத வெறும் டிரைவர் முகமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துத் திரை உறைந்தது. நடுவில் ஒரு வெள்ளை வட்டம் சுற்ற ஆரம்பித்தது. டெல்மரின் விரல் ரிமோட்டுக்குப் போனது.

"தொடாதீங்க சித்தப்பா" என்று டான்சி பதறினாள். "அமுக்கினா லைவுக்குத் தாவிடும். உதையே போயிடும்."

"குடு" என்று வைனெல் கையை நீட்டினாள். பேருந்தில் பிள்ளைகளிடம் பொம்மைத் துப்பாக்கியைப் பிடுங்கும்போது நீட்டும் அதே கை. ரிமோட் அதில் வந்து விழுந்தது. வட்டம் சுற்றியது. தெருவில் ஏதோ ஒரு வீட்டில் காரின் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

"யார் வீடு? நம்மாளா, அவங்க ஆளா?" என்று டெல்மர் அலறினான். மிஸ் ஒஸெல்லா ஹாரன் காதில் விழாதபடி உரத்த குரலில் சர்ச் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். டான்சியும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினாள். வைனெல் ரிமோட்டை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, தாவிவிடாதே, எங்கேயும் தாவிவிடாதே என்று அந்த வட்டத்திடம் மனசுக்குள் கெஞ்சினாள்.

வட்டம் மறைந்தது. படம் விட்ட இடத்திலிருந்தே நகர்ந்தது. கோல்பி குனிந்து இடது கால் சாக்ஸை இழுத்துவிட்டான். சின்ன வயதிலிருந்து அவனிடம் உள்ள பழக்கம். பர்ல் ஹட்சன் இதைச் சொல்லவே இல்லை. அவன் நிமிர்ந்தான், ஓடினான், உதைத்தான். பந்து இடது கம்பத்தை நோக்கிச் சாய்ந்தது. ஏற்கெனவே உள்ளே போய்விட்ட பந்தைப் பார்த்து, "உள்ள போ, உள்ள போடா" என்று கத்தினாள். அவள் சொன்னபடியே அது கம்பத்தை உரசாத குறையாக உள்ளே போனது.

அந்த அலறலை எழுத்தில் கொண்டுவர முடியாது. டெல்மர் அவளைத் தூக்கிச் சுற்றினான். ஹார்லன் அழுதார். மிஸ் ஒஸெல்லா டேப்லெட்டைத் தலைக்கு மேல் பிடித்து ஆடினார். வைனெல் எல்லோருக்கும் நடுவில் இருந்தாள், எல்லோரையும்விடச் சத்தமாக.

வெகு நேரம் கழித்துத்தான் கேக் டப்பாவுக்குள் போன் அடிப்பது கேட்டது. கோல்பி. பின்னால் ஒரே இரைச்சல்.

"அம்மா, அந்த மொத உதைக்கு நீ ஹால்லதான நின்ன?"

வைனெல் சுற்றிலும் பார்த்தாள். "ஆமாடா."

"நெனச்சேன். இதுக்கு?"

"சிங்க்கிட்டதான் நின்னேன். குழாயத் தொறந்து வச்சுக்கிட்டு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு அவன் குரல் இறங்கியது. "அப்ப நான் போட்டத நீ பாக்கவே இல்ல."

"பாத்தேன்டா" என்றாள் வைனெல். "குனிஞ்சு இடது சாக்ஸ இழுத்து விட்டியே, அதையும் பாத்தேன்."