பின்சுவரைப் பார்த்துக் கும்பிட்டவர்

1. மழை

நான் ஓவர்சியராகப் பார்த்த முதல் கோயில் வேலை, ஜெயமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து முருகன் கோயில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. கருவறையின் பின்சுவர் அஸ்திவாரம் இறங்கி வயிறு தள்ளி நின்றது. சாமியைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து ஓலைக்கொட்டகையில் வைத்துவிட்டு, சுவரைக் கல் கல்லாகப் பிரித்தோம். எழுபது கற்கள். ஒவ்வொன்றிலும் காவியால் நம்பர் போடச் சொன்னேன். பிளான் ஒன்று வரைந்துவிடலாம் என்றார் மேஸ்திரி சுப்பையா. நம்பர்தான் இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் மலைப்பக்கமிருந்து வந்த மழை பகல் முழுக்கக் கொட்டியது. வெறித்தபின் போய்ப் பார்த்தால் ஒரு கல்லில்கூட நம்பர் இல்லை. ஒன்றுக்கொன்று செதுக்கிப் பொருத்திய கற்கள் அவை. இடம் மாறினால் சுவர் ஏறாது.

கமிட்டித் தலைவர் வந்தார். "முகூர்த்தம் குறிச்சு, சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாச்சு. செங்கல்ல கட்டி முடிங்க. இந்தக் கல்லு வாய்க்காலுக்கு ஆகும், துணி துவைக்க."

அந்தக் கற்களை வைத்தவர்களின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. என்னுடைய அசட்டையால் அவை துவைகல் ஆகப் போகின்றன.

2. வெள்ளையம்மாள்

சுண்ணாம்பு இடிக்க வந்த பெண்களில் ஒருவர் வெள்ளையம்மாள். ஐம்பது வயதிருக்கும். சேரியிலிருந்து வருபவர். அந்நாளில் அவர்களுக்குக் கோயிலுக்குள் இடமில்லை. சாமி கொட்டகையில் இருந்ததால் வேலைக்கு மட்டும் வளவுக்குள் விட்டார்கள். உலக்கையைச் சாய்த்துவிட்டு வந்து தள்ளி நின்றார்.

"ஓர்சியர் ஐயா, கோவிச்சுக்கிடாதீக. அந்த மீனு போட்ட கல்லு கீழருந்து மூணாவது வரி, தெக்குக் கடைசி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க வாய்க்கா மேட்டுல நின்னு அந்தச் செவத்தப் பாத்துத்தான ஐயா கும்பிடுறது? புத்தி தெரிஞ்ச நாள்லருந்து எனக்கு முருகன்னா அந்தச் செவருதேன்."

தலைவருக்குக் கோபம். "இவ சொல்லியா கோயில் கட்டுறது?"

சுப்பையா நிதானமாகச் சொன்னார். "வச்சுப் பாப்பம். தப்பா இருந்தா கல்லே சொல்லிரும்."

3. தரையில் ஒரு சுவர்

கற்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினோம். வெள்ளையம்மாள் நடந்துகொண்டே சொன்னார். "இது காக்கா உக்கார்ற கல்லு, எச்சம் வழிஞ்ச கறை பாருங்க. இது அங்கன இல்ல, இங்கன." சிலவற்றுக்குச் சாயங்காலம்வரை காத்திருக்கச் சொன்னார். மேற்கு வெயில் விழுந்தால்தான் அவற்றின் நிறம் பிடிபடுமாம். அடிவரிக் கற்கள் புல்லில் மறைந்திருந்தவை. அவற்றை அவர் பார்த்ததில்லை. ஒன்றோடொன்று பொருந்தும் வெட்டுவாய் பார்த்துச் சுப்பையா சேர்த்தார். ஓரிடத்தில் வெள்ளையம்மாள் இரண்டு கற்களை மாற்றிச் சொல்லிவிட்டு, "அடி ஆத்தி, அந்த ரெண்டையும் மாத்தி வைங்க" என்று சிரித்தார். இரண்டே நாளில் சுவர் தரையில் படுத்திருந்தது.

தலைவர் வந்து நெடுநேரம் பார்த்தார். "கல்லுலயே கட்டுங்க" என்றார்.

கும்பாபிஷேகத்தன்று என்னைக் கருவறை வாசலுக்கு அழைத்து மாலை போட்டார்கள். வெள்ளையம்மாள் வாய்க்கால் மேட்டில் நின்றிருந்தார். அவரையும் அழையுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருபத்துநாலு வயது, அடுத்த வேலை அவர்கள் சிபாரிசில் வரவேண்டும். இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

4. பிற்பாடு

இளம் ஓவர்சியர்களுக்கு: நம்பரை உளியால் கொத்துங்கள். காகிதத்திலும் வரையுங்கள். ஒரு சுவரைப் பிரிக்குமுன் அதைத் தினமும் பார்ப்பவர் யாரென்று விசாரியுங்கள். விசாரித்துத் தெரிந்தபின், அவருக்காகப் பேசவேண்டிய இடத்தில் பேசிவிடுங்கள். நான் பேசாதது இன்றும் உறுத்துகிறது.

சில வருஷம் கழித்து, சட்டம் வந்து கதவு எல்லோருக்கும் திறந்த பிறகு, பெரியகுளம் போகிற வழியில் அங்கே இறங்கினேன். வெள்ளையம்மாள் களையெடுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"உள்ளே போனீங்களா?"

"போனேன் ஐயா." மண்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "அம்மாம் பெரிய செவத்துக்குள்ள இத்துனூண்டு பிள்ளை. இடுப்புல தூக்கி வச்சுக்கிடலாம்போல இருந்துச்சு. இம்புட்டு நாளு இருட்டுல ஒத்தையிலயா இருந்தன்னு கேட்டுட்டு வந்தேன்."